செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்றவர்

நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி அவள் தன் வாழ்க்கையின் நல்ல வருடங்களை என் வீட்டில் சமைத்தும் துவைத்தும் கழித்தாள். அவள் என் மனைவியின் தங்கை. நான் இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவன். என்ன செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன்.

பழைய பெட்டியைத் தள்ளிவிட்டு எச்டி தொலைக்காட்சி வாங்கலாமா, கொடுக்கும் காசுக்கு அது பெறுமதியா என்று அக்கம்பக்கத்தில் இப்போதும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். இந்தப் பகுதியில் முதலில் வாங்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் கேட்கிறார்கள். நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. நான் அதை வாங்கியது படம் பார்ப்பதற்காக அல்ல.

எங்கள் ஆசிரியர் விடுதி மலைச்சரிவில் இருந்தது. எதிரே, பள்ளத்தாக்கைத் தாண்டி, தேயிலைக்கு இடம் கொடுக்காத ஒரு பெரிய கரும்பாறை. மழைக்காலத்தில் அதன் முகம் முழுவதும் நீர் வழிந்து ஈயம் போல மினுங்கும். தொலைக்காட்சி அலைகள் எங்கள் அன்டெனாவுக்கு நேராக ஒரு முறையும், அந்தப் பாறையில் பட்டுத் திரும்பி இன்னொரு முறையும் வரும். அதனால் திரையில் தெரியும் ஒவ்வொருவருக்கும் வலப்பக்கத்தில், சற்றுத் தள்ளி, வெளிறிய இன்னொருவர் நிற்பார். அதே உயரம், அதே சட்டை, அதே அசைவு. முகம் மட்டும் கலங்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் இதை நிழல் என்பார்கள்.

நிழலை விரட்டுவது எல்லா வீடுகளிலும் நடக்கும் வேலை. ஒருவர் வெளியே அன்டெனா கட்டிய மூங்கில் கம்பத்தைப் பிடித்துத் திருப்புவார். ஒருவர் வாசலில் நிற்பார். ஒருவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கத்துவார். "இன்னுங் கொஞ்சம்! ஆங், போச்சு போச்சு! யோவ், பழைய எடத்துக்கே கொண்டாய்யா!" காற்றடித்த நாளில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை நெடுக இந்தக் கூப்பாடு கேட்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவி பக்கவாதத்தில் விழுந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. அவளைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை வந்து சேர்ந்தாள். அவளுக்கும் போக வேறு இடமில்லை. அவள் கணவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். தீபாவளிக்கு வந்துவிட்டுப் பதுளையிலிருந்து ரயில் ஏறியவன், சில வாரங்களில் காணாமல் போனான். காலையில் மரக்கறி வாங்கப் போனவன் திரும்பவில்லை என்றார் கடை முதலாளி. போர் நடந்த அந்த வருடங்களில் ஒரு தமிழ் இளைஞன் தெருவில் நடந்து போனால் எங்கே போய்ச் சேருவான் என்று யாருக்கும் தெரியாது. பொலிசில் கேட்டோம், சிறைகளில் கேட்டோம். உயிரோடு இருக்கிறான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒரு மாலை, அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே செய்தி பார்த்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

"அத்தான், பக்கத்துல நிக்கிறவரு சிரிக்கிறாரு."

"யாரு?"

"செய்தி வாசிக்கிறவருக்குப் பக்கத்துல. வாசிக்கிறவரு சிரிக்கல, பாருங்க."

நான் பார்த்தேன். வழக்கமான வெளிறிய நிழல்தான். டோர்ச் லைட்டையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் எடுத்து வந்து, வகுப்பில் காட்டுவது போலவே சுவரில் வெளிச்சத்தை இரண்டாக்கிக் காட்டினேன். "பாத்தியா? இது நேரா வர்றது. இது கண்ணாடில பட்டு வர்றது. ரெண்டும் ஒரே வெளிச்சம். அங்க கண்ணாடிக்குப் பதிலா பாறை. அவ்வளவுதான்."

"ஒரே ஆளுன்னா ஒண்ணாத்தானே அத்தான் சிரிக்கணும்?"

களைப்பாக இருக்கிறாய், போய்ப் படு என்றேன்.

பிறகு அடிக்கடி சொல்லத் தொடங்கினாள். அவள் கணவனுக்குக் கழுத்தை இடப்பக்கம் சாய்த்துக் கேட்கும் பழக்கம் இருந்தது. நிழலும் அப்படிச் சாய்க்கிறது என்றாள். ஒவ்வொரு முறையும் நான் பாறையைக் காட்டினேன். ஆனால் ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. கதிரையில் சாய்ந்திருந்த என் மனைவியின் கண்களும் செய்தி வாசிப்பவர் மேல் இல்லை. சற்று வலப்பக்கம், நிழல் நிற்கும் இடத்தில் இருந்தன. நோயின் குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

தவணை தொடங்கும்போது பண்டாரவளையிலிருந்து ஒரு தையற்காரர் எங்கள் பாடசாலைக்கு வருவார். பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சீருடைத் துணியைத் தைப்பதற்கு அளவெடுப்பார். மனைவியை இழந்தவர். பொத்தான் கட்டும் வேலையை என் மைத்துனிக்குக் கொடுத்தார். அதைச் சாக்காக வைத்து எங்கள் விடுதிக்கு வந்து போனார்.

"சேர், ஒங்க கொழுந்தியா கட்டுன பொத்தான இழுத்துப் பாத்தேன். வரவே இல்ல. நான் கட்டுனா பிள்ளைங்க இஸ்கூல் வர்றதுக்குள்ள வந்துருது."

அவள் உள்ளேயிருந்து, "அப்ப கடையப் பூட்டிட்டு என்கிட்ட வேலைக்கு வந்துருங்க" என்றாள்.

"அதான் வந்துட்டேனே."

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. இவள் போய்விட்டால் என் மனைவியை யார் குளிப்பாட்டுவது என்றுதான் நினைத்தேன்.

அவர் முறையாகவே பெண் கேட்டார். பாடசாலை வாசலில் என்னைத் தனியே நிறுத்தி, "தப்பா எடுத்துக்காதீங்க சேர். அவங்க யோசிச்சு சொல்லட்டும், அவசரமில்ல. வீட்டுக்காரரு திரும்பி வந்துட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார்.

அதை அவளிடம் சொன்னேன். அதுவரை நான் செய்தது சரிதான். அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டாள். கூடத்துக்குப் போகும் கதவு திறந்தே இருந்தது. அங்கே கதிரையில் என் மனைவி.

"அத்தான், அவரு உசுரோட இல்லன்னுதான் என் மனசு சொல்லுது. ஆனா இந்த டிவிதான் என்னய விட மாட்டேங்குது. நீங்க படிச்சவங்க. அது வெறும் பாறைன்னு இன்னொரு தடவ சொல்லுங்க. நான் சரின்னு சொல்லிர்றேன்."

நான் அதுவரை எத்தனையோ முறை சொன்னதைத்தான் அவள் கேட்டாள். ஒரு சொல் போதும். வெளியே கொடியில் என் மனைவியின் விரிப்பு, காலையில் இவள் துவைத்துப் போட்டது, காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"நான் ஒங்கிட்ட சொல்லல்ல" என்றேன். "நேத்து நானும் பாத்தேன்மா. அவருதான்."

"எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

"கழுத்தச் சாய்ச்சாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எப்போதும் இல்லை என்று சொன்னவன் ஆம் என்று சொன்னதால்தான் அவள் நம்பினாள். டோர்ச் லைட்டும் கண்ணாடியும் காட்டிய நாட்கள் எல்லாம் அந்த ஒரு பொய்க்குச் சாட்சியாக நின்றன.

தையற்காரரிடம், அவளுக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். அடுத்த வருடம் வேறொருவர் அளவெடுக்க வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கம்பம் திருப்பும் வேலை தலைகீழாக நடந்தது. எல்லோரும் நிழலை விரட்டத் திருப்பினார்கள். நான் நிழலைக் கூட்டுவதற்காகத் திருப்பினேன். மூடுபனிக்குள் நின்று கம்பத்தைப் பாறைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவேன். உள்ளேயிருந்து அவள் குரல் வரும். "இன்னுங் கொஞ்சம் அத்தான். வர்றாரு. வர்றாரு. அப்பிடியே விடுங்க." அந்த இடத்தில் கம்பியால் இறுக்கிக் கட்டினேன்.

மாலை தோறும் அவள் திரையின் வலது ஓரத்தோடு பேசுவாள். பெரிதாக ஒன்றுமில்லை. "இன்னிக்கு ஒரே மழ. அக்காவுக்குச் சளி பிடிச்சிருக்கு." பிறகு, பதில் கேட்பவள் போல நிறுத்துவாள். அந்த நேரம் கதிரையில் என் மனைவியின் தலை மெல்ல ஆடும். மின்சாரம் நின்று திரை இருண்டாலும் இரண்டு பேரும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு எழுந்து விளக்கேற்றத் தோன்றாது. அவர்களுடைய பார்வைக்கு நடுவே நடந்து போகப் பயமாக இருக்கும்.

ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். பாறையில் பட்டு வரும் அலை பிந்தும் நேரம் மனிதக் கண்ணுக்குப் பிடிபடாதது. நிழல் இடத்தால் தள்ளி நிற்கும், அசைவில் பிந்தாது. ஒரு மாலை, செய்தி வாசிப்பவர் தாளைப் புரட்டக் குனிந்தார். பக்கத்தில் நின்றவர் குனியவில்லை. வாசிப்பவர் நிமிர்ந்த பிறகுதான் குனிந்தார். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். திரும்பி வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. கண் ஏமாற்றியிருக்கும். பொய் சொன்னவனின் கண் சீக்கிரம் ஏமாறும்.

இப்படியே வருடங்கள் போயின. நான் ஓய்வு பெற்றேன். அதே விடுதிக்கு அருகில், அதே சரிவில், சின்ன வீடொன்று கட்டிக் குடியேறினோம். கம்பத்தையும் பெயர்த்து வந்து பாறையைப் பார்க்க நட்டேன். ஒரு நாள் அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பில் வந்த நரைமுடியைச் சுருட்டிக்கொண்டே, திரையின் ஓரத்தைப் பார்த்து, "நீங்க வர்றப்ப என்னய அடையாளம் தெரியாது போங்க" என்றாள். செல்லமாகத்தான் சொன்னாள். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்றுகொண்டேன்.

அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். சொல்லத் தைரியம் வரவில்லை. அப்போது பதுளைக் கடைகளில் தட்டையான எச்டி தொலைக்காட்சிகள் வந்திருந்தன. பெரிய திரை. அதில் நிழலின் முகம் பெரிதாகத் தெரிந்தால், அது யாருடைய முகம் என்று அவளே கண்டுகொள்வாள், நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். பரிகாரத்தையும் ஒரு பெட்டியின் தலையில் கட்டப் பார்த்தேன்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். நேர்மையாகப் பேசினார்.

"சேர், எச்டி எச்டின்னு எல்லாரும் வாராங்க. பொட்டி நல்லதுதான். ஆனா ஒங்கட பழைய அன்டெனாவுக்கு வார படம் எச்டி இல்லையே. சின்னதுல தெரியாத அழுக்கெல்லாம் இதுல பெரிசாத் தெரியும். வாங்குறதுன்னா டிஷ்ஷும் சேத்துப் போடுங்க. இல்லாட்டி வீண்."

"டிஷ் வேணாம்."

"நெழல் விழுமே சேர்?"

"விழட்டும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "காசு குடுத்து நெழல் வாங்குறவர இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டச் சொன்னார்.

அன்று மாலையே பழைய பெட்டியின் இடத்தில் புதியதை வைத்தோம். அவள் திரையைத் துடைத்து, விபூதி பூசி, அக்காவின் கதிரையைச் சரியாக நகர்த்தி வைத்தாள். செய்தி தொடங்கியது. கடைக்காரர் சொன்னபடி படம் மோசமாகத்தான் இருந்தது. ஆனால் பெரிதாக இருந்தது. செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் நிழல், ஏறத்தாழ ஒரு கைக்குழந்தையின் உயரத்துக்கு, நின்றது. இத்தனை வருடங்களில் முதல் முறையாக அதற்கு மூக்கும் வாயும் இருந்தன.

அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். வாசிப்பவரின் முகத்தைப் பார்த்தாள். நிழலின் முகத்தைப் பார்த்தாள். திரும்ப வாசிப்பவரைப் பார்த்தாள். விரலால் இரண்டையும் தொட்டாள்.

"அதே மீசை" என்றாள். "அதே டை. அத்தான், இது அவரேதான். செய்தி வாசிக்கிறவரேதான்."

நான் செய்தியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"நான் பைத்தியக்காரி. எனக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கலாம். நீங்க அன்னிக்கு யாரப் பாத்தீங்க?"

திரையின் வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரியவில்லை. "யாரையும் பாக்கல்ல" என்றேன். "அக்காவப் பாக்க ஆள் வேணும்னு சொன்னேன்." வேறு எதையும் சேர்க்கவில்லை. சேர்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

அவள் அழவில்லை, திட்டவில்லை. "அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். கதிரையில் என் மனைவி நல்ல கையால் கதிரையின் கையைப் பிடித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள். அன்று அடுப்படிக் கதவு திறந்திருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் அவள் எல்லாவற்றையும் அறிந்தவளாய், சொல்ல வாயில்லாமல், எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை மைத்துனி வழக்கம் போல அக்காவைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சோறு ஊட்டினாள். பிறகு தன் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கீழே தோட்டத்துக்குப் போய்விட்டாள். அங்கே கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் பண்டாரவளைக்குப் போனேன். தையற்காரரின் கடை அதே இடத்தில் இருந்தது. இன்னொரு இயந்திரத்தில் ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"அட, சேரா! வாங்க வாங்க. அந்தம்மா நல்லாருக்காங்களா? வீட்டுக்காரரு வந்துட்டாரா?"

அவரை வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த சோக்குக் கட்டியை அவர் விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"இத இப்ப எதுக்கு சேர் என்கிட்ட வந்து சொல்றீங்க? ஒங்களுக்குத் தூக்கம் வரணும்னு எனக்கு இல்லாமப் பண்ணுறீங்களா?" கடைக்குள் பார்த்தார். "போயிட்டு வாங்க. இந்தப் பக்கம் வராதீங்க."

திரும்பி வந்து மடுவத்து வாசலில் நின்று அவளிடம் போய் வந்ததைச் சொன்னேன். அவள் கோபப்பட்டதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

"யாரு ஒங்களப் போகச் சொன்னா? அன்னிக்கும் எனக்காக நீங்கதான் அவருகிட்டப் பேசுனீங்க. இன்னிக்கும் நீங்களே போய்ப் பேசிட்டு வந்திருக்கீங்க. நான் எப்பத்தான் பேசுறது?"

உள்ளே ஒரு குழந்தை அழுதது. அவள் போகத் திரும்பி, மறுபடி நின்றாள். "அக்காவுக்கு மேலு கழுவ பின்னேரத்துல வருவேன். நான் வர்ற நேரம் நீங்க வீட்டுல இருக்கக் கூடாது. நான் போன பெறகு வாங்க."

சரி என்றேன். அவளுடைய சொல்லுக்கு நான் கட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே டிஷ் பூட்டினேன். மூங்கில் கம்பத்தைப் பிடுங்கி எறிந்தேன். கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்: டிஷ்ஷோடு பார்த்தால் படம் கண்ணாடி போலத்தான் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வாங்குவது பெறுமதியா என்றால், படத்துக்கு மட்டும் என்றால் பெறுமதிதான். ஆனால் என் மனைவியின் கண்கள் இன்னும் அந்த வெற்றிடத்தையே பார்க்கின்றன.

பின்னேரம், மைத்துனி ஏறி வரும் நேரம், நான் வீட்டை விட்டு இறங்கிக் குழாயடிக்குப் போய்விடுவேன். மழையென்றால் குடை. அவள் என்னைக் கடந்து போவாள், பேசமாட்டாள். கதவு சாத்தப்படும். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது.

அதன் பிறகு பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கும். முதல் நாட்களில் அவள் அக்காவோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பனி இறங்கி, சரிவு முழுவதும் அடங்கியிருந்த ஒரு நாள்தான் சரியாகக் கேட்டேன். உள்ளே இரண்டு குரல்கள். ஒன்று கேட்கிறது, ஒன்று பதில் சொல்கிறது. சொற்கள் பிடிபடவில்லை. இடையில் இரண்டும் சேர்ந்து சிரித்தன. தொலைக்காட்சியாக இருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது குரலோடு நான் குடும்பம் நடத்தியவன்.

கதவு திறந்து அவள் இறங்கிப் போனதும் உள்ளே ஓடினேன். தொலைக்காட்சி அணைந்திருந்தது. என் மனைவி தலை வாரி, பொட்டு வைத்து, கதிரையில் இருந்தாள். "இப்ப பேசினியா?" என்று கேட்டேன். அவள் முன்னால் முழங்காலில் விழுந்து கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் வாய், இத்தனை வருடங்களாக இருந்தது போலவே, ஒரு பக்கம் கோணி, மூடியிருந்தது.

இப்போதும் மைத்துனி வருகிறாள். இப்போதும் நான் வெளியே நிற்கிறேன். ஜன்னலருகே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், நாலெட்டுத் தூரம்தான். நான் போவதில்லை. வீட்டில் இருக்கக் கூடாது என்று அவள் சொன்னாள், நான் சரி என்றேன்.